ஏரியைச் சுற்றி

பதிவுக் கட்டணம் திரும்பக் கிடைக்காது என்று
படிவத்தின் அடியில் எறும்பு எழுத்தில் இருந்தது.
கல்யாணப் பத்திரத்தில் அப்படி எதுவும் இல்லை.
ஆகவே ஆகஸ்டில் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டரை
ரின்ஸேயும் நானும்தான் ஓட்டப்போகிறோம்.
இன்று பயிற்சி.
லெம்மரில் கிளம்பி எய்சல் ஏரியை ஒரு சுற்று,
மறுபடி லெம்மர்.
இருநூற்று முப்பது.

காலை நாலரை, ஏப்ரல்.
படகுத்துறை வாசலில் இரண்டு கார்கள்,
நடுவே எட்டுக் கார்களுக்கு இடம்.
"டயரில் காற்று?"
"ம்."
முதல் நூறு கிலோமீட்டருக்கு அவ்வளவுதான் பேச்சு.

உர்க்கில் மீன் வாடை, மூடிய கதவுகள்.
லேலிஸ்டாட் தாண்டியதும் தண்ணீர் நடுவே
அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி முதல் அணை.
அவன் பின்சக்கரத்துக்கும் என் முன்சக்கரத்துக்கும்
ஒரு சாண்.
பதினொரு வருஷம் ஒரே கூரையின் கீழ்
இவ்வளவு கவனமாக நான் அவனைப் பார்த்ததில்லை.
வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.
கழுத்தில் யாரோ புதிதாக முடி வெட்டியிருக்கிறார்கள்.
கல், குழி, கண்ணாடிச் சில்லு எது வந்தாலும்
இடுப்புக்குப் பின்னே கையை இறக்கிக் காட்டிவிடுகிறான்.
வீட்டில் இருந்த குழிகளுக்கு அப்படி ஒரு கை நீளவில்லை.
நானும் நீட்டவில்லை.
முன்னால் போவது யார் என்பதே
அங்கே தெரியாமல் இருந்தது.

மெடம்பிளிக்கில் காபி, தனித்தனி பில்.

டென் ஊவரில் பெரிய அணை.
முப்பத்திரண்டு கிலோமீட்டர், ஒரு வளைவு கிடையாது.
இடப்பக்கம் உப்பு, வலப்பக்கம் நன்னீர்,
நடுவில் நாங்கள்.
தென்மேற்கு என்றது வானிலை அறிக்கை,
முதுகில் கைவைத்துத் தள்ளும் காற்று.
வந்ததோ வடகிழக்கு, நேரே வாய்க்குள்.
காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்கள்;
அதை வக்கீல் அறையிலேயே செய்து முடித்துவிட்டோம்.
இங்கே மிதிக்க மட்டும் தான் மூச்சு.

ஆளுக்கு இருநூறு மிதி, பிறகு மாற்றம்.
என் முறையில் நூற்று நாற்பதிலேயே
அவன் சக்கரம் பக்கவாட்டில் ஏறி வந்தது.
"இருநூறு என்றால் இருநூறு!"
கத்தியதில் பாதியைக் காற்று பறித்தது,
மீதி அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும்.
பின்னால் நழுவிப் போனான்.
நூற்று அறுபதில் தொடை எரிந்தது.
நூற்று எண்பதில் எண்ணிக்கை தவறியது.
திரும்பவும் நூற்று எழுபதிலிருந்து எண்ணினேன்,
யாரும் கேட்கவில்லை என்றாலும்.
சரிவில் ஆடுகள் எல்லாம்
காற்றுக்குப் புட்டத்தைக் காட்டிக்கொண்டு
புல்லைத் தின்றன.
அவற்றுக்குப் பதிவுக் கட்டணம் இல்லை.

கோர்ன்வெர்டர்ஸாண்டில் சிவப்பு விளக்கு.
பாலம் எழுந்து நின்றது, கீழே ஒரு பாய்மரப் படகு
தன் பாட்டுக்கு, தன் வேகத்தில்.
நின்ற உடனே வியர்வை பனிக்கட்டி ஆகிவிட்டது.
முதுகுப் பையிலிருந்து ரின்ஸே
சர்க்கரை ரொட்டிப் பொட்டலத்தை எடுத்தான்.
இரண்டு துண்டு.
ஒன்றில் ஓரம் சீவப்பட்டிருந்தது.
அதை என் பக்கம் நீட்டினான்.

"யித்ஸ்கே, பிடி."
"இப்போதெல்லாம் நான் ஓரமும் தின்கிறேன்."
"எப்போதிலிருந்து?"
"நவம்பர்."
கொஞ்சம் யோசித்தான்.
துண்டுகளை மாற்றிக் கொடுத்தான்.
ஓரம் கொஞ்சம் கருகியிருந்தது, இனிப்பாகத்தான் இருந்தது.
பாலம் இறங்க ஏழு நிமிடம்.

அணை முடிந்து தெற்கே திரும்பியதும்
அதே காற்று முதுகுக்கு வந்துவிட்டது.
முப்பத்தாறு, முப்பத்தெட்டு, சங்கிலி சத்தமே இல்லை.
யாருக்கும் யார் முதுகும் வேண்டாத காற்று.
இப்போது பக்கத்தில் பக்கத்தில் ஓட்டலாம்;
ஓட்டினோம், பேசுவதற்கு எதுவும் அகப்படாமல்
ஒரு வாய்க்கால், இரண்டு பண்ணை, ஒரு நாய்.

மக்குமில் தண்ணீர் பிடிக்க அவன் நின்றான்.
என் புட்டியில் பாதிக்கு மேல் இருந்தது.
நான் நிற்கவில்லை.
ஆனால் கியரை இரண்டு பல் இறக்கி
வேர்க்கும் வரை மிதிக்காமல் போய்க்கொண்டிருந்தேன்,
பின்னால் அந்தச் சக்கரத்தின் டிக்-டிக் கேட்கும் வரை.